உப்பில்லாப் பண்டம்

2012 ஜூன் முதல் வாரத்தில், கடவுச்சொற்களை உடைப்பவர்கள் கூடும் ஒரு ரஷ்ய இணைய மன்றத்தில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. அதில் ஆட்களின் பெயர் இல்லை, மின்னஞ்சல் முகவரியும் இல்லை. வரிக்கு நாற்பது எழுத்துகளும் எண்களும் கலந்து, சுமார் 65 லட்சம் வரிகள். கொண்டுவந்து போட்டவர் கேட்டது ஒத்தாசை. மீதியை உடைக்கக் கைகொடுங்கள் என்றார்.

‘மீதி’ என்பதற்கு அடையாளம் கோப்பிலேயே இருந்தது. ஏறத்தாழ 35 லட்சம் வரிகளில் முதல் ஐந்து எழுத்துகள் நிற்க வேண்டிய இடத்தில் ஐந்து பூஜ்யங்கள் நின்றன. விலை முடிந்த மாட்டின் முதுகில் சாயம் தடவி வைப்பதுபோல, உடைத்து முடித்தவற்றுக்கு யாரோ குறி போட்டிருக்கிறார்கள் என்று கோப்பைப் பார்த்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் கணித்தார்கள். அப்படிக் குறி போட்ட ஒரு வரியில் பூஜ்யங்களை அகற்றிவிட்டு 5, பி, ஏ, ஏ, 6 என்று வைத்தால் அது முழுமையாகும். ‘பாஸ்வேர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லையே தன் பாஸ்வேர்டாக வைத்துக்கொண்டவர்களின் வரி அது.

இந்த வரிகளெல்லாம் லிங்க்டுஇன் நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்பது இரண்டொரு நாளில் தெரிந்துவிட்டது. உடைத்துப் பார்த்தவற்றில் ‘லிங்க்டுஇன்’ என்ற சொல்லும் அதன் திரிபுகளும் பல இருந்தன. வேலை தேடுகிறவர்களும் வேலை தருகிறவர்களும் தங்கள் படிப்பு, பதவி, தொடர்புகளை எழுதிவைக்கும் தளம் அது. அந்தக் கோப்பு எங்கே பிறந்தது, எந்தெந்த ஊர் வழியாகப் போனது, எத்தனை கதவுகளைத் திறந்தது என்ற கதையைப் பொறுமையாகச் சொல்ல நினைக்கிறேன். கடவுச்சொல் திருடுபோனால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, இந்த ஒரு கோப்பின் பயணத்தைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

பிறப்பிலிருந்து தொடங்குவோம். ஒரு தளத்தில் நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டியதும், ஒழுங்கான நிறுவனம் அதை அப்படியே எழுதி வைக்காது. ஒரு கணக்கு இயந்திரத்தில் போட்டு அரைத்து, வெளியே வரும் மாவை மட்டும் எடுத்து வைக்கும். இதைத்தான் ஹாஷ் என்கிறார்கள். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. மறுமுறை நீங்கள் வரும்போது கொண்டுவந்த அரிசியை அரைத்துப் பார்த்து, பழைய மாவோடு ஒத்துப்போனால் கதவைத் திறந்துவிடும். லிங்க்டுஇன் பயன்படுத்திய இயந்திரத்தின் பெயர் ஷா-1. கோப்புகள் வழியில் மாறிவிடவில்லை என்று சரிபார்ப்பது போன்ற வேலைகளுக்காக 1995-இல் வெளியானது. கண்மூடித் திறப்பதற்குள் அரைத்துத் தள்ளும்.

வினை அந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஒரே அரிசி எப்போதும் ஒரே மாவைத்தான் தரும். திருடன் மாவை அரிசியாக்க முயல்வதில்லை. தெரிந்த எல்லா அரிசியையும் தானே அரைத்து, எந்த மாவு திருடிய மாவோடு பொருந்துகிறது என்று பார்க்கிறான். 2012 டிசம்பரில் ஆஸ்லோவில் நடந்த ஒரு மாநாட்டில் ஜெரமி காஸ்னி என்ற ஆய்வாளர் 25 கிராஃபிக்ஸ் அட்டைகளைக் கோத்த ஒரு கணினிக் கூட்டத்தைப் பற்றி விளக்கினார். அது ஷா-1 முறையில் நொடிக்கு 6,300 கோடி ஊகங்களை அரைத்துப் பார்த்தது. அதே கணினி, வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி செய்யப்பட்ட பிகிரிப்ட் என்ற இன்னொரு முறையில் நொடிக்கு 71,000 ஊகங்களோடு திணறியது. மிக்சிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் உள்ள வித்தியாசம். கடவுச்சொல்லுக்கு ஆட்டுக்கல்தான் வேண்டும். பிகிரிப்ட் 1999-லேயே வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. லிங்க்டுஇன் மாவில் உப்பு இல்லை. உப்பு என்பது நானாக வைத்த பெயரல்ல. இந்தத் துறையில் இருப்பவர்கள் அப்படியேதான் சொல்கிறார்கள். அரைப்பதற்கு முன் ஒவ்வொருவர் கடவுச்சொல்லோடும் வெவ்வேறாக ஒரு சிட்டிகை தற்செயல் எழுத்துகளைச் சேர்த்துவிடுவது. அப்போது ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் ஆயிரம் பேருக்கும் ஆயிரம் விதமான மாவு வரும். திருடன் ஒருமுறை அரைத்து ஆயிரம் பேரையும் பிடிக்க முடியாது. ஆளாளுக்குத் தனியாக அரைக்க வேண்டும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் இதை 1979-இல் ஒரு கட்டுரையாகவே எழுதி வைத்தார்கள். உண்மையான பயனர்களின் 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்துப் பார்த்ததில் 86 சதவீதம் எளிதில் ஊகிக்கக்கூடியவை என்று கண்டபிறகு, மக்களின் பழக்கத்தை நம்பிப் பயனில்லை, சேமிக்கும் முறையே காப்பாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்து கண்ட வழிகளில் ஒன்று அது. அங்கிருந்து 2012 வரை 33 ஆண்டுகள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் வீட்டுப் பழமொழி. கோடிக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட ஒரு நிறுவனம் 33 ஆண்டு பழைய பாடத்தைச் செய்யாமல் விட்டதை மறதி என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை. மக்கள் நம்பிக் கொடுத்த பொருளைக் காப்பதில் காட்டிய அலட்சியம் அது.

கோப்பு வீட்டைவிட்டுப் புறப்பட்டது 2012 மார்ச் 3, 4 தேதிகளில். பின்னாளில் அமெரிக்க அரசுத் தரப்பு தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை இந்தத் தேதிகளைச் சொல்கிறது. கோட்டைச் சுவரை யாரும் இடிக்கவில்லை. நிறுவனத்தின் ஊழியர் ஒருவருடைய கணினியில் தீநிரல் ஒன்றைப் புகுத்தி, அவருடைய பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் எடுத்து, அவர் போலவே வாசல்வழியாக உள்ளே நடந்து போனார்கள். கோடிக்கணக்கானவர்களின் கடவுச்சொற்கள் களவுபோனதற்குச் சாவியாக இருந்ததும் ஒரே ஒருவருடைய கடவுச்சொல்தான்.

மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஜூனில் கோப்பின் ஒரு பகுதி மன்றத்தில் விழுந்ததும் நிறுவனம் விழித்துக்கொண்டது. பட்டியலில் கண்ட கடவுச்சொற்களைச் செல்லாமல் ஆக்கியது, உரியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது, இனி உப்புச் சேர்த்துத்தான் சேமிப்போம் என்றும் அறிவித்தது. வெளியே கசிந்தது 65 லட்சம், மருந்து போட்டதும் அந்த 65 லட்சத்துக்கு. மீதமிருந்தவர்கள் தாங்கள் தப்பிவிட்டதாக நினைத்து, அதே கடவுச்சொல்லோடு உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். திருடன் கையில் இருந்ததோ முழுக் கோப்பு.

இதற்கிடையே கோப்பில் இருந்தவை வேறு கதவுகளைத் தட்டத் தொடங்கியிருந்தன. அதே ஆண்டு ஜூலை கடைசியில் டிராப்பாக்ஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிற தளங்களில் திருடப்பட்ட பயனர்பெயர்களையும் கடவுச்சொற்களையும் கொண்டு தங்கள் கணக்குகள் சிலவற்றுக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். அப்படித் திறந்த கணக்குகளில் ஒன்று தங்கள் ஊழியருடையது. அதற்குள் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அடங்கிய ஆவணம் இருந்தது என்றார்கள். மின்னஞ்சல்கள் மட்டும்தான் என்று அன்று எல்லோரும் நினைத்தோம். நான்கு ஆண்டு கழித்து, 2016 ஆகஸ்டில், டிராப்பாக்ஸின் 6 கோடியே 80 லட்சம் கணக்குகளுடைய மின்னஞ்சல் முகவரிகளும் ஹாஷ்களும் வெளியே வந்தன. லிங்க்டுஇன்னைக் குடைந்ததாகப் பிறகு தண்டிக்கப்பட்ட அதே ஆள்தான் இதையும் செய்தார் என்று நீதிமன்றத்தில் நிரூபணமானது.

ஒரு வேறுபாட்டை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். டிராப்பாக்ஸ் கோப்பில் ஏறத்தாழ பாதி பிகிரிப்டில் அரைத்தவை, மற்றவை உப்புச் சேர்த்த ஷா-1. ஆகவே அந்தக் கோப்பு கைக்குக் கிடைத்தும் லிங்க்டுஇன் கோப்பைப்போல வாரிக்கட்டிக்கொண்டு போக முடியவில்லை. திருட்டு நடக்காமல் தடுப்பது எல்லா நேரமும் கைகூடாது. திருடுபோன பொருள் திருடனுக்குப் பயன்படாதபடி செய்வது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

திருடிய ஒரு சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் உள்ள ஒவ்வொரு பூட்டாகத் திறந்து பார்க்கும் வேலையை மனிதர்கள் உட்கார்ந்து செய்வதில்லை. மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் சேர்ந்த ஜோடிகளைக் கொடுத்துவிட்டால் நிரல்கள் இரவு பகலாக வங்கி, கடை, அஞ்சல், படக்கணக்கு என்று போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். நூற்றில் ஒன்று திறந்தால் போதும், கோடியில் அது லட்சம். உங்கள் மேல் யாருக்கும் தனிப்பகை இருக்கத் தேவையில்லை. ‘என்னிடம் என்ன இருக்கிறது, என் கணக்கை யார் திருடப்போகிறார்கள்’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிரலுக்கு நீங்கள் யார் என்பதே தெரியாது. அது பூட்டை மட்டும்தான் பார்க்கிறது.

2012-க்கும் 2016-க்கும் இடையே முழுக் கோப்பு எந்தெந்தக் கைகள் மாறியது என்பதன் வரலாறு இருட்டில் நடந்தது. வெளிச்சத்துக்கு வந்தது 2016 மே மாதம். இருள்வலையில் ‘தி ரியல் டீல்’ என்ற சந்தையில், ‘பீஸ்’ என்ற பெயரில் உலவிய ஒருவர் அதைக் கடைவிரித்தார். விலை 5 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 2,200 டாலர். மொத்தம் 16 கோடியே 70 லட்சம் கணக்குகள். அவற்றில் 11 கோடியே 70 லட்சத்துக்கு மின்னஞ்சலும் ஹாஷும் சேர்ந்தே இருந்தன. 65 லட்சம் என்று எண்ணியிருந்த உலகத்துக்கு அன்றுதான் உண்மையான அளவு தெரிந்தது. ஏழரை லட்சம் பேர் 1 முதல் 6 வரை எண்களை வரிசையாகத் தட்டியதையே கடவுச்சொல்லாக வைத்திருந்ததாக அதை அலசியவர்கள் சொன்னார்கள்.

அடுத்த மாதமே ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்கின் ட்விட்டர், பின்டரெஸ்ட் கணக்குகளுக்குள் ‘அவர்மைன்’ என்று தங்களைச் சொல்லிக்கொண்ட குழு புகுந்தது. லிங்க்டுஇன் கோப்பில் கிடைத்த அவருடைய பழைய கடவுச்சொல்லைத்தான் போட்டுப் பார்த்தோம் என்று அந்தக் குழுவே சொல்லிக்கொண்டது. இணையத்தைக் கட்டியவர்களில் ஒருவருக்கே இந்த நிலை என்றால், கடவுச்சொல் விஷயத்தில் சாமானியரைக் குறைசொல்ல நமக்கு உரிமை குறைவு என்றே எனக்குப் படுகிறது.

லிங்க்டுஇன் அந்த மே மாதம்தான், 2012 திருட்டுக்கு முன் தொடங்கி அதன்பின் கடவுச்சொல் மாற்றாத எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் செல்லாததாக்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே இரவில் செய்திருக்க வேண்டிய காரியம்.

குற்றவாளியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யெவ்கெனி நிகுலின் என்ற ரஷ்யர் 2016 அக்டோபரில் ப்ராக் நகரில் பிடிபட்டார். அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்டன. 2018 மார்ச்சில் செக் அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2020 மார்ச்சில் தொடங்கிய விசாரணை கொரோனாவால் நின்று, ஜூலையில் முடிந்தது. நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. செப்டம்பரில் 88 மாதச் சிறைத் தண்டனை. திருட்டு நடந்து எட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. தண்டனை ஆளுக்குக் கிடைத்தது, கோப்புக்கு அல்ல. அது பிரதி எடுக்கப்பட்டு, பிரதிக்குப் பிரதி எடுக்கப்பட்டு, வேறு கசிவுகளோடு கலந்து போய்க்கொண்டே இருந்தது. 2019 ஜனவரியில் ‘கலெக்‌ஷன் 1’ என்ற பெயரில் வெளிவந்த ஒரு திரட்டில் மட்டும் 77 கோடிக்கு மேற்பட்ட மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. அது பல பழைய கசிவுகளை ஒன்றாக வாரிக்கொட்டிய குவியல்.

பழைய கடவுச்சொற்களுக்கு இன்னொரு பிழைப்பும் வந்தது. 2018 ஜூலை வாக்கில் உலகம் முழுக்கப் பலருக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. தலைப்பிலேயே அவர்களுடைய கடவுச்சொல். உன் கணினியின் கேமராவில் உன்னை அசிங்கமாகப் படம் பிடித்திருக்கிறேன், பிட்காயின் அனுப்பு, இல்லாவிட்டால் உன் உறவினர்களுக்கு அனுப்பிவிடுவேன் என்று மீதிக் கடிதம். படமும் இல்லை, கேமராவுக்குள் யாரும் புகவும் இல்லை. பழைய கசிவுகளில் கிடைத்த ஒரு வரியை எடுத்துத் தலைப்பில் ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் தானும் மறந்துபோன கடவுச்சொல்லை ஓர் அந்நியன் சொல்லும்போது மனிதன் நடுங்கத்தான் செய்வான். இன்றும் இப்படிப்பட்ட கடிதங்கள் வருகின்றன. உங்களுக்கோ வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கோ வந்தால் பணம் அனுப்பாதீர்கள், பதில் எழுதாதீர்கள். முக்கியமாக, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பயத்தையும் வெட்கத்தையும் ஒருவர் தனியாகச் சுமப்பதை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

கோப்பின் பயணத்தில் ஒரு நல்ல திருப்பமும் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹன்ட் 2013 டிசம்பரில் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தைத் தொடங்கினார். உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தக் கசிவுகளில் அது இருக்கிறது என்று சொல்லும். லிங்க்டுஇன் கோப்பும் 16 கோடிக்கு மேற்பட்ட முகவரிகளோடு அங்கே போய்ச் சேர்ந்தது. 2017-இல் அவர் இன்னொன்றைச் சேர்த்தார். ஒரு கடவுச்சொல் எங்காவது கசிந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

கடவுச்சொல்லை யாரோ ஒருவரின் தளத்தில் தட்டிக் கேட்பது ஆபத்தில்லையா என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்கான விடையை 2018-இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் இருந்த ஜுனேத் அலி வடிவமைத்துக் கொடுத்தார். உங்கள் கடவுச்சொல் உங்கள் கணினியிலேயே அரைக்கப்படும். நாற்பது எழுத்துகளில் முதல் ஐந்து மட்டும் தளத்துக்குப் போகும். அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த ஹாஷ்களின் பட்டியலை அது திருப்பி அனுப்பும். பொருந்துகிறதா என்பதை உங்கள் கணினியே பார்த்துக்கொள்ளும். தளத்துக்கு நீங்கள் தேடியது எதுவென்று தெரியாது. 5, பி, ஏ, ஏ, 6 என்று அனுப்பினால் திரும்பி வரும் பட்டியலில், 2012-இல் பூஜ்யங்களுக்கு அடியில் கிடந்த அந்த வரியும் இருக்கும். திருடர்கள் உடைத்ததற்கு அடையாளமாக அழித்த அதே ஐந்து இடங்கள், இன்று நம்மைக் காக்கும் கேள்வியாகப் பயணம் செய்கின்றன. இந்த ஒன்றை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் நிறைகிறது.

இவ்வளவு தெரிந்தபின் செய்ய வேண்டியது என்ன? கசிவுச் செய்தி வந்ததும் பலர் செய்வது, பழைய கடவுச்சொல்லின் வாலில் ஆண்டை மாற்றுவது, அல்லது ‘ஏ’ எழுத்தை ‘அட்’ குறியாக்குவது. உடைப்பவர்களின் நிரல்கள் முதலில் செய்து பார்ப்பதே இந்த மாற்றங்களைத்தான். கோடிக்கணக்கான கசிந்த கடவுச்சொற்களைப் படித்து நம் பழக்கம் அத்தனையும் அவற்றுக்குப் பாடமாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழைய கட்டளையையும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2017-இல் கைவிட்டது. கசிந்ததாகத் தெரிந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள், கசிந்த பட்டியலில் உள்ளதை ஏற்காதீர்கள் என்று தளங்களுக்குச் சொன்னது.

நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய கடவுச்சொல்லை இரண்டாம் இடத்திலும் வைப்போம். அது மனித இயல்பு. ஆகவே நினைவை நம்பாமல் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அது தளத்துக்குத் தளம் தற்செயலாக உருவாக்கும் இருபது எழுத்துகள், உப்பில்லாத லிங்க்டுஇன் கோப்பிலேயே இருந்திருந்தாலும் உடைந்திருக்காது. அப்படியே கசிந்தாலும் வேறு எந்தக் கதவையும் திறக்காது. வீட்டில் உள்ள முதியவர்களுக்கு இது பெரும்பாடு என்றால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். ரஷ்யாவிலிருந்து யாரும் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை. எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கடவுச்சொல்லே வேண்டாம் என்ற திசையிலும் வேலை நடக்கிறது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்து முன்னெடுத்த பாஸ்கீ முறையில், ரகசியச் சாவி நிறுவனத்தின் கைக்கே போவதில்லை. நிறுவனத்திடம் இருப்பது பூட்டு மட்டும். மொத்தமாகத் திருடினாலும் திருடனுக்குப் பூட்டுகள்தான் மிஞ்சும். உங்கள் தளங்கள் அதைத் தந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தராத இடங்களில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். அதற்கு வரும் ஓடிபியை வங்கியே கேட்டாலும் வாயால் சொல்லாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று மலைக்க வேண்டாம். மின்னஞ்சலில் தொடங்குங்கள். வேறு எந்தக் கணக்கில் ‘மறந்துவிட்டேன்’ என்று தட்டினாலும் புதுச் சாவி வந்து விழும் இடம் அது. அதன் கடவுச்சொல்லை வேறெங்கும் இல்லாததாக மாற்றுங்கள். மாற்றியபின் அமைப்புகளுக்குள் போய், உங்கள் கடிதங்கள் தெரியாத முகவரிக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றனவா, மீட்பு எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். மற்ற கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். ‘உங்கள் கடவுச்சொல் கசிந்துவிட்டது, இங்கே அழுத்துங்கள்’ என்று வரும் கடிதத்தில் அழுத்திப் போகாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். பத்து நிமிட வேலை. இன்றிரவு படுப்பதற்கு முன் உங்களுடையதை முடித்துவிட்டு, நாளை உங்கள் அம்மாவின் கைபேசியை வாங்கி அதிலும் செய்து கொடுங்கள்.